பள்ளிவாசல் இல்லாத பள்ளிவாசல் தெரு

பெர்லினிலிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் பைன் காடுகளுக்கு நடுவே வூன்ஸ்டார்ஃப் என்ற ஊர் வரும். அங்கே ஒரு தெருவுக்கு ‘மோஷேஷ்ட்ராஸே’ என்று பெயர். தமிழில் சொன்னால் பள்ளிவாசல் தெரு. அந்தத் தெருவில் பள்ளிவாசல் கிடையாது. தூண் இல்லை, படிக்கட்டு இல்லை, இடிந்த சுவர்கூட இல்லை. ஆனால் 1915 ஜூலை 13 அன்று, ரமலான் நோன்பு தொடங்கும் நேரத்தில், ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென்றே எழுந்த முதல் பள்ளிவாசல் இங்கேதான் திறக்கப்பட்டது. கட்டிக் கொடுத்தது ஜெர்மன் ராணுவம். அதில் தொழுதவர்கள் அந்த ராணுவத்தின் கைதிகள்.

ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் சில கிலோமீட்டர் போனால் ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பதிவேடுகளில் அதன் பெயர் சேரன்ஸ்டார்ஃப் இந்தியக் கல்லறை. உள்ளூர்க்காரர்கள் ‘இண்டர்ஃப்ரீட்ஹோஃப்’ என்கிறார்கள், இந்தியர் கல்லறை என்று பொருள். அங்கே நினைவுகூரப்படுகிறவர்கள் 206 பேர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியாவின் சார்பில் போய், ஜெர்மானியரிடம் பிடிபட்டு, ஊர் திரும்பாமலே இறந்தவர்கள். பஞ்சாபிகள், பட்டாணியர்கள், கர்வாலிகள், நேபாளத்துக் கூர்க்காக்கள் என்று பல இனத்தவர்.

சேரன்ஸ்டார்ஃப் என்ற கிராமமும் இப்போது இல்லை. பிரஷ்ய ராணுவத்துக்குப் பயிற்சிக்களம் தேவைப்பட்டதால், போருக்குச் சில ஆண்டுகள் முன்பே குடிகளை அப்புறப்படுத்தி அந்த ஊரைக் காலி செய்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்தவர்கள் வெளியேறினார்கள். எங்கிருந்தோ வந்தவர்கள் அந்த மண்ணுக்குள் போனார்கள். ஊர் போய்விட்டது, கல்லறையில் அதன் பெயர் மட்டும் நின்றது. பிறகு கல்லறையும் மறைந்தது. நூறாண்டுக்குள் அது மறைந்து திரும்பி வந்த விதத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதல் உலகப் போர் என்றதும் தமிழருக்கு எம்டன் ஞாபகம் வரும். 1914 செப்டம்பர் 22 இரவில் அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சுட்ட கப்பல் இரண்டு மாதத்துக்குள் அழிந்தது. ‘அவன் பெரிய எம்டன்’ என்ற பேச்சு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. நம் நினைவில் தங்காத ஒன்றும் உண்டு. சென்னை எரிந்த நான்காம் நாள், செப்டம்பர் 26 அன்று, இந்தியப் படையின் முதல் அணி பிரான்ஸ் நாட்டு மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. லாகூர் டிவிஷன் முதலில், மீரட் டிவிஷன் அடுத்து. ஐரோப்பாக் கண்டத்தில் இந்தியச் சிப்பாய்கள் ஐரோப்பியரோடு பொருதிய முதல் போர் அது.

அவர்களுடைய உடுப்பு வெயில் நாட்டுக்குத் தைத்தது. அக்டோபர் முடிவதற்குள் ஈப்ர் நகரைச் சுற்றிய சேற்றில் நிறுத்தப்பட்டார்கள். டிசம்பரில் ஃபெஸ்டூபேர், ஜிவான்ஷி என்ற இரு கிராமங்களைச் சுற்றி நடந்த சண்டையில் பதுங்குகுழிகள் வெடித்துச் சிதறின. முழங்கால் அளவு உறைநீரில் நின்றவர்களில் பலர் மடிந்தார்கள், பலர் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்கள் ரயிலேற்றப்பட்டு வந்து சேர்ந்த இடங்களில் முக்கியமானது இந்த வூன்ஸ்டார்ஃப்.

இங்கும் பக்கத்து ஊரான சோசனிலும் இரண்டு முகாம்கள் இருந்தன. சோசன் பக்கத்து முகாமுக்கு வைன்பெர்க்லாகர் என்று பெயர், திராட்சைமேட்டு முகாம். அங்கே ரஷ்யப் படையிலிருந்து பிடிபட்ட தாத்தார் முஸ்லிம்கள் இருந்தார்கள். வூன்ஸ்டார்ஃபில் இருந்ததுதான் ஹால்ப்மோண்ட்லாகர், அதாவது பிறை முகாம். பிரெஞ்சுப் படையில் இருந்த அல்ஜீரியர், துனீசியர், மொராக்கோவினர் ஒருபுறம், பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியர்கள் மறுபுறம். எல்லாருமாக நாலாயிரம், ஐயாயிரம் பேர்.

பெயரில் பிறை இருப்பது தற்செயல் அல்ல. மாக்ஸ் ஃபான் ஓப்பன்ஹைம் என்றொருவர். சிரியாவில் தெல் ஹலாஃப் தொல்லியல் மேட்டைக் கண்டறிந்தவர், கெய்ரோவில் பல ஆண்டு ஜெர்மன் தூதரகப் பணியில் இருந்தவர். 1914 அக்டோபரில் அவர் தம் அரசுக்கு நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளின் ஆட்சியிலும் கோடிக்கணக்கில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கிளர்ந்தெழச் செய்தால் எதிரியின் வீட்டுக்குள்ளேயே தீ மூட்டலாம் என்பது அதன் சாரம். நவம்பரில் ஜெர்மனியின் கூட்டாளியான உஸ்மானியப் பேரரசு புனிதப்போரை அறிவித்தது. அந்த அறிவிப்புக்குக் கையருகே கேட்பவர்கள் வேண்டியிருந்தார்கள். முகாமில் இருந்தார்கள்.

பள்ளிவாசலை ஐந்தே வாரத்தில் எழுப்பினார்கள். முழுக்க மரம். ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்தை மனத்தில் வைத்து வரைந்த வடிவம். குவிமாடத்தின் அகலம் 12 மீட்டர், மனாராவின் உயரம் 23 மீட்டர். செலவு 45,000 மார்க். அதைப் படமெடுத்து அஞ்சலட்டைகளாக அச்சிட்டுப் பரப்பினார்கள். எதிரி நாட்டுச் சிப்பாய்க்குத் தொழும் இடம் கட்டித் தந்த நல்லவர்கள் நாங்கள் என்று உலகத்துக்குக் காட்டுவது நோக்கம். கைதிகளுக்குப் பத்திரிகையும் வந்தது. அரபிக்காரருக்கு ‘அல் ஜிஹாத்’, இந்தியருக்கு இந்தியிலும் உருதுவிலும் ‘ஹிந்துஸ்தான்’.

இந்த இடத்தில்தான் நம் விடுதலை வரலாறு குறுக்கே வருகிறது. பெர்லினில் அப்போது இந்திய விடுதலைக் குழு ஒன்று இயங்கியது. சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, விவேகானந்தரின் தம்பி பூபேந்திரநாத் தத்தர், திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர் செண்பகராமன் பிள்ளை ஆகியோர் அதில் இருந்தார்கள். ஆங்கிலேயனுக்காகச் சண்டையிட்ட சிப்பாயை ஆங்கிலேயனுக்கு எதிராகத் திருப்ப வேண்டும் என்று குழுவின் ஆட்கள் முகாமுக்கு வந்து பேசினார்கள். அவர்களுடைய தேசப்பற்றை நான் சந்தேகிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்து அந்நிய நாட்டில் உழைத்தவர்கள் அவர்கள். என்றாலும் மேடையில் நின்றவர் படித்தவர், ஐரோப்பாவுக்கு விரும்பி வந்தவர். கீழே உட்கார்ந்திருந்தவர் நிலத்துக் கடனை அடைக்கப் பட்டாளத்தில் சேர்ந்தவர். முன்னவர் பேசியது நாட்டைப் பற்றி, பின்னவர் நினைத்தது வீட்டை. உஸ்மானியப் படையில் போய்ச் சேர முன்வந்த இந்தியர்கள் மிகச் சிலர்தான். எந்தக் காரியத்துக்காக முகாமை அமைத்தார்களோ அந்தக் காரியம் இந்தியரிடையே நடக்கவில்லை.

நடந்தது வேறு. சாவு நடந்தது.

பிராண்டன்பர்க் வட்டாரத்துக் குளிரைப் பஞ்சாப் சமவெளியிலிருந்து வந்த நுரையீரல்கள் தாங்கவில்லை. காசநோய் பிடித்தது. போர் நீள நீள ஜெர்மனியிலேயே உணவுப் பஞ்சம், பிறகு கைதிக்கு என்ன கிடைக்கும்? 1917-இல் இந்தியக் கைதிகளில் பெரும்பாலோரைக் கொஞ்சம் இதமான தட்பவெப்பத்தைத் தேடி ருமேனியாவுக்கு மாற்றினார்கள். அதற்குள் ஆளற்ற சேரன்ஸ்டார்ஃபில் குழிகள் வரிசையாகப் பெருகிவிட்டன. தாத்தார்கள், வட ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள் எல்லாரையும் சேர்த்தால் அங்கே புதைக்கப்பட்டவர்கள் ஆயிரத்தை நெருங்குகிறார்கள். 1916-இல் தாத்தார்களுக்கென்று ஒரு நினைவுக்கல்லும் நட்டார்கள்.

இறப்பதற்கு முன்பு, அல்லது திரும்புவதற்கு முன்பு, அந்த மனிதர்களை இன்னொரு கூட்டமும் தேடி வந்தது. அறிஞர்கள்.

உலகத்தின் எத்தனையோ மொழிகள் தங்கள் முள்வேலிக்குள்ளேயே இருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டுகொண்டார்கள். பெர்லினில் வில்ஹெல்ம் டோகன் என்ற ஆங்கில ஆசிரியர் போட்ட திட்டத்தால் 1915-இல் பிரஷ்ய அரச ஒலிப்பதிவு ஆணையம் உருவானது. உளவியலாளர் கார்ல் ஷ்டும்ஃப் அதன் தலைவர். மொழியியலாளர்களும் இசையறிஞர்களுமாக முப்பது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சமஸ்கிருத அறிஞர் ஹைன்ரிஷ் லூடர்ஸ் கூர்க்காக்களின் மொழிகளைக் கவனித்தார். போர் முடிவதற்குள் முப்பதுக்கும் அதிகமான முகாம்களில் ஏறத்தாழ 250 மொழிகளையும் வட்டார வழக்குகளையும் 1,650 தட்டுகளில் பதிந்துவிட்டார்கள். மெழுகு உருளைகள் தனி.

முறை இதுதான். பேசப் போகிறவர் என்ன பேசுவார் என்பதை முன்கூட்டி எழுதி வாங்குவார்கள். ஒத்திகை நடக்கும். பிறகு பெரிய புனலுக்கு முன்னால் நிறுத்தி, தலை அசையாமல் பார்த்துக்கொண்டு, பேசச் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். பெயர், வயது, பிறந்த ஊர், தாய்மொழி, படிக்கத் தெரியுமா, என்ன தொழில், குரல் எப்படி என்று எல்லாம் அதில் ஏறும். ஆய்வாளருக்கு வேண்டியது உச்சரிப்பு, பொருள் அல்ல. அதனால் பேசுகிறவர் தன் மனத்தில் இருப்பதைக் கொஞ்சம் பேசிவிட முடிந்தது.

1916 டிசம்பர் 11 அன்று மல் சிங் என்ற இருபத்து நான்கு வயதுச் சீக்கியச் சிப்பாய் அந்தப் புனலுக்கு முன்னால் நின்றார். பஞ்சாபின் ஃபெரோஸ்பூர் மாவட்டத்துக்காரர். ஒன்றரை நிமிஷம்கூட நீளாத பேச்சு. ‘நான்’ என்று அவர் தொடங்கவில்லை. கதை சொல்வதைப் போல, ஒரு ஆள் இருந்தான் என்று தொடங்குகிறார். இந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டவன், பால் குடித்தவன், ஆங்கிலேயனிடம் வேலைக்குப் போனவன், ஐரோப்பியப் போருக்குள் வந்து ஜெர்மானியர் கையில் அகப்பட்டவன். அவனுக்கு ஊர் திரும்ப வேண்டும், அந்தச் சாப்பாடு மறுபடி வேண்டும். சமாதானம் எப்போது வரும் என்று தெரியவில்லை, இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருந்தால் செத்துப்போவான், கடவுள் கருணை வைத்தால் போய்ச் சேருவான் என்கிறார். ஒப்பாரி இல்லை, வசை இல்லை. வெண்ணெயை வைத்து முழு வாழ்க்கையையும் சொல்லி முடித்துவிட்டார். நம் பாட்டிமார் ‘ஒரு ஊர்ல ஒரு ஆளு’ என்று தன் கஷ்டத்தையே கதையாக்கிச் சொல்வார்களே, அதே முறை. தணிக்கை அதிகாரியின் காதுக்கு அது கதை. ஊர்க்காரன் காதுக்கு அது கடிதம்.

பவான் சிங் என்ற இன்னொருவர் பேயைப் பற்றிப் பேசினார். இறந்தவன் பேயாக அலைவதைப் பற்றித் தன் ஊரில் சொல்வதை அப்படியே சொன்னார். கல்லறைக் குழிகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், சில கிலோமீட்டர் தள்ளி நின்று ஒருவர் அப்படிப் பேசியிருக்கிறார்.

அளவெடுக்கவும் ஆட்கள் வந்தார்கள். எகோன் ஃபான் ஐக்ஷ்டெட் என்ற இளம் மானுடவியலாளர் சீக்கியக் கைதிகளின் தலையையும் உடலையும் அளந்து, அந்த எண்களை வைத்தே தம் முனைவர் பட்டத்துக்கான ஆய்வை எழுதினார். பின்னாளில் நாஜி ஆட்சிக்கு வேண்டிய இனவாத ‘அறிவியலின்’ முக்கியப் பெயர்களில் ஒருவரானார். கைதியின் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. அறிவு என்ற பெயரில் நடந்தது என்பதற்காக இதைத் தள்ளுபடி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மல் சிங்கின் குரல் நமக்குக் கிடைத்ததற்கும் இந்த அக்கிரமத்துக்கும் கூரை ஒன்றுதான். அந்தக் குரலைக் கேட்கிறவர்கள் இதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. கைதிகள் கலைந்தார்கள். மரப் பள்ளிவாசல் சில காலம் பெர்லின் முஸ்லிம்களின் பெருநாள் தொழுகைக்குப் பயன்பட்டது. அவசரத்தில் எழுப்பிய மரவேலை எத்தனை பனிக்காலத்தைத் தாங்கும்? 1924-இல் ஆபத்தான கட்டடம் என்று மூடி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இடித்துவிட்டார்கள். தெருப் பெயர் மட்டும் மிஞ்சியது.

அதன்பின் வூன்ஸ்டார்ஃப் முழுக்க முழுக்க ராணுவத்தின் ஊர். 1930-களின் இறுதியில் ஹிட்லரின் தரைப்படைத் தலைமையகம் இங்கே வந்தது. மேலே பார்த்தால் ஓட்டுக்கூரை போட்ட கிராமத்து வீடுகள், உள்ளே தடித்த கான்கிரீட் அரண்கள். மைபாக் என்று அவற்றுக்குப் பெயர். பக்கத்திலேயே நிலத்தடியில் செப்பலின் என்ற மாபெரும் தந்தி, தொலைபேசி நிலையம். சோவியத் ஒன்றியத்தின் மீதான படையெடுப்பைத் திட்டமிட்டவர்கள் இங்கே உட்கார்ந்திருந்தார்கள். 1945 ஏப்ரலில் அதே சோவியத் படை வந்து இதைப் பிடித்தது. ஐம்பதுகளிலிருந்து கிழக்கு ஜெர்மனியில் இருந்த சோவியத் படைகள் அனைத்துக்கும் இதுவே தலைமையகம். பள்ளிக்கூடம், கடை, நாடக அரங்கு, நீச்சல்குளம், மாஸ்கோவுக்கு நேரடி ரயில் எல்லாம் உள்ளேயே. ‘சின்ன மாஸ்கோ’ என்றும் ‘தடைசெய்யப்பட்ட நகரம்’ என்றும் ஜெர்மானியர் சொன்னார்கள். உள்ளூர் ஜெர்மானியரே நுழைய முடியாத வேலிக்குள் இந்தியர் கல்லறை சிக்கிக்கொண்டது.

பயிற்சிக்களத்தில் டாங்கிகள் ஓடின. மரமும் புதரும் மண்டின. கல்லறையைப் பார்க்கப் போக யாருக்கும் வழியில்லை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 1964-இல் ஒரு முடிவெடுத்தது. பராமரிக்க முடியாத கல்லறை என்று சேரன்ஸ்டார்ஃபைக் குறித்துக்கொண்டு, அங்கே இருந்தவர்களின் பெயர்களை வெண்கலப் பலகையில் வார்த்து, பிரான்ஸில் நோவ்-ஷாப்பெல் என்ற ஊரிலுள்ள இந்திய நினைவுச்சின்னத்தில் பதித்தது. 1915 மார்ச்சில் இந்தியப் படை பெரும் உயிர்ச்சேதத்தோடு போரிட்ட ஊர் அது. உடல் ஒரு நாட்டில், பெயர் இன்னொரு நாட்டில், பிறந்த ஊர் கடலுக்கு அப்பால்.

கல்லறை தொலைந்துபோயிற்று என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்பது எல்லாக் காலத்திலும் எழுதியிருந்தது. பிரான்ஸில் வெண்கலத்தில் இருந்தது, லண்டன் பதிவேட்டில் இருந்தது. குரல்களும் அழியவில்லை. அந்தத் தட்டுகள் கிழக்கு பெர்லினில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்தன. நாற்பதே கிலோமீட்டர் இடைவெளி, ஒரே நாடு, நடுவில் எல்லைக்கோடுகூட இல்லை. இங்கே எலும்பு, அங்கே குரல். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. பஞ்சாபிலும் கர்வாலிலும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா எங்கே போனார் என்று சொல்ல ஆள் இல்லை. தொலைந்தது கல்லறை அல்ல, அக்கறை.

1994-இல் ரஷ்யப் படை வெளியேறியது. வேலி திறந்தது. இதற்குள் ஒரு மனிதர் தேடத் தொடங்கியிருந்தார். கெர்ஹார்ட் ஹோப் என்ற வரலாற்றாசிரியர், பெர்லினில் கீழைத்தேச ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். ஜெர்மனியில் வாழ்ந்த முஸ்லிம்களின் வரலாற்றைப் பழைய காகிதங்களிலிருந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துச் சேகரித்தவர். வூன்ஸ்டார்ஃப், சோசன் முகாம்களைப் பற்றி அவர் 1997-இல் வெளியிட்ட நூல்தான் இந்த இடத்தின் கதையை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வெளியுறவு அமைச்சகக் கோப்புகள், முகாம் பத்திரிகைகள், பழைய படங்கள் என்று எதையும் அவர் விடவில்லை. 2003-இல் அவர் காலமானார். கல்லறை முழுமையாகச் சீரமைக்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

காமன்வெல்த் ஆணையம் இடத்தை ஆராய்ந்து பார்த்து, மீட்டெடுக்கலாம் என்று முடிவு செய்தது. 2005-இல் வேலை முடிந்து கல்லறை மறுபடி திறக்கப்பட்டது. புதர் வெட்டிச் சமன்செய்த புல்தரையில் வெண்ணிறக் கற்கள் வரிசை பிடித்து நின்றன. அதன்பின் ஆணையம் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. நோவ்-ஷாப்பெலில் நாற்பது ஆண்டுகளாக இருந்த அந்த வெண்கலப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். இனி அது தேவையில்லை. பெயர்கள் தங்கள் உடல்களிடம் திரும்பிவிட்டன.

அடுத்து ஒரு சினிமாக்காரர் குரல்களுக்கு வந்தார். பிலிப் ஷெஃப்னர் 2007-இல் எடுத்த ‘தி ஹாஃப்மூன் ஃபைல்ஸ்’ என்ற ஆவணப்படம் மல் சிங்கின் பதிவிலிருந்து கிளம்பி, அந்த ஆள் யார், என்ன ஆனார் என்று தேடிப்போகிறது. 2011-இல் ரவி அஹூஜா, ஹைக்க லீபாவ், ஃபிரான்சிஸ்கா ராய் ஆகியோர் தொகுத்த கட்டுரைத் தொகுப்பு ஜெர்மனியில் இருந்த தெற்காசியக் கைதிகளின் வாழ்க்கையை முதல்முறையாக விரிவாக எழுதியது. அது வெளியானது டெல்லியில் என்பது எனக்கு ஆறுதல்.

2015-இல் வூன்ஸ்டார்ஃப் மண்ணை மறுபடி தோண்டினார்கள். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் பிறை முகாம் இருந்த இடத்தில், பள்ளிவாசலின் தடயங்களைத் தேடி அகழ்ந்தார்கள். அவசரமாகத் தோண்ட ஒரு காரணம் இருந்தது. சிரியா முதலான நாடுகளின் போர்களிலிருந்து தப்பி ஜெர்மனிக்கு வந்துகொண்டிருந்த அகதிகளுக்கு அதே இடத்தில் தங்குமிடம் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். நூறு ஆண்டுக்கு முன்னால் முஸ்லிம்களைப் போருக்கு அனுப்பத் திட்டமிட்டு வேலிக்குள் வைத்த மண்ணில், போரிலிருந்து ஓடிவந்த முஸ்லிம்கள் படுக்கை விரித்தார்கள்.

இன்று வூன்ஸ்டார்ஃபுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கதைக்காகப் போவதில்லை. அரண்களைப் பார்க்கப் போகிறார்கள். வழிகாட்டியோடு நிலத்தடிக்கு இறங்கலாம். கிழக்கு ஜெர்மனி மறைந்த பிறகு பழைய புத்தகக் கடைகளை வைத்து இதைப் ‘புத்தக நகரம்’ ஆக்கியதால் அதற்காகவும் வருகிறார்கள். ஹிட்லரின் தளபதிகள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஆர்வம் இருப்பது இயல்புதான். ஆனால் தளபதிகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெண்ணெயை நினைத்துக்கொண்டு இருமியபடி கிடந்தவனைப் பற்றி எழுத எத்தனை பேர்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அந்த 206 பேருக்குப் பெயர் கிடைத்தது அவர்கள் ஐரோப்பாவில் இறந்ததால். அதே போரில், அதே இந்தியப் படையில், மெசபடோமியாவில் செத்தவர்களின் நிலை வேறு. நம் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர், இன்றைய ஈராக்கின் ஆறுகளில் பாலம் போட்டவர்கள், இறந்தது அங்கேதான். பஸ்ராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயரும் இந்திய அதிகாரிகளின் பெயரும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும், இன்ன ரெஜிமென்ட்டில் இத்தனை பேர் என்று. 2021-இல் ஆணையம் தன் பழைய ஆவணங்களைத் தானே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் பதிக்கப்படவில்லை, உண்மையில் அது இன்னும் மிக அதிகமாக இருக்கலாம், காரணம் இனப்பாகுபாடு என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஆக, சேரன்ஸ்டார்ஃபின் வெண்கற்கள் விதிவிலக்கு. பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. நம் ஆட்களில் பெரும்பாலோர் அந்த இல்லாதவர்களின் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் பழைய சாவடியிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ ஒரு சலவைக்கல் பலகை இருக்கும். இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை பெரும் போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அங்கும் எண்தான், பெயர் இல்லை. உங்கள் ஊரில் அப்படியொரு கல் இருந்தால் வெள்ளையடித்து மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து வையுங்கள். ஊரில் வயதானவர்கள் யாராவது பட்டாளத்துத் தாத்தா என்று ஒருவரைச் சொன்னால் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். ஹோப் செய்ததும் இதைத்தான், பெரிய அளவில்.

பெர்லினில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுப் போய் வாருங்கள். வூன்ஸ்டார்ஃப்-வால்ட்ஷ்டாட் நிலையத்துக்கு ரயில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கல்லறை நிலையத்திலிருந்து தூரம், சைக்கிள் இருந்தால் நல்லது. பழைய ராணுவக் களம் என்பதால் காட்டில் பாதையை விட்டு விலகாதீர்கள். வழி தெரியாவிட்டால் யாரிடமாவது ‘இண்டர்ஃப்ரீட்ஹோஃப்’ என்று கேளுங்கள், காட்டுவார்கள்.